நைனா கை வைத்த பெட்டி

அன்றைக்கு நைனா என்னைத் திட்டுவதற்குத்தான் மாடி ஏறி வந்தார். கீழே மண்டியில் மல்லாட்டை மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய மகன் மேலே உட்கார்ந்து கிதார் கம்பியை இழுத்துக்கொண்டிருக்கிறான் என்றால் எந்த அப்பனுக்குத்தான் பொறுக்கும்? மரப்படிகள் முனக முனக அவர் ஏறி வருவது எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டும் நான் நிறுத்தவில்லை. அந்த வயதில் எனக்குக் கொழுப்பு அதிகம்.

வாசற்படியில் நின்று என்னவோ சொன்னார். நான் தலை நிமிரவில்லை. நேராகப் பெட்டியிடம் போனார். கிதார் சத்தம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அதை எங்கே அணைப்பது என்று தெரியாது. எதையாவது திருகிப் பார்க்கலாம் என்று குனிந்தவர், பிடிமானத்துக்காகக் கையைப் பெட்டியின் தலையில் ஊன்றினார்.

ஊன்றிய கை அங்கேயே நின்றுவிட்டது.

எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி வைத்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்புறம் அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார், பெட்டியின் மேல் விரித்தார், அதற்கு அடியில் கையை நுழைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பயந்துபோய்க் கையை எடுத்தேன்.

"நிறுத்தாதடா," என்றார்.

அப்போது நான் பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. தடித்த கம்பியைக் கட்டைவிரலால் அமுக்கித் தட்டி, அமாவாசைக்கு மேல்மலையனூரில் அடிக்கிற பம்பை மாதிரி சும்மா விளையாடிக்கொண்டிருந்தேன். அதையே மறுபடி தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து நைனா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இது மலையனூரு பம்பை."

நான் கம்பியை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். ஏனென்றால் நைனாவுக்குக் காது கேட்காது.

துண்டுக்கு அடியில் வியாபாரம்

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு ஒரு தொல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், "செஞ்சிக்காரர் நீங்கள், கோட்டையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே," என்கிறார்கள். ஐயா, கோட்டை அங்கேயேதான் இருக்கிறது. பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். கோட்டைக்குள் சண்டை போட்ட ராஜாக்களை எனக்குத் தெரியாது. மண்டிக்குள் சண்டை போட்ட நைனாவைத் தெரியும்.

பஜாரில் எங்கள் மல்லாட்டை மண்டி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் நிலக்கடலை. வல்லம் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வண்டி வண்டியாக வரும். மண்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் மல்லாட்டை உடைக்கிற மிஷின், அதை ஓட்ட ஒரு ஆயில் எஞ்சின். நைனா வாலிபத்தில் வாங்கிய எஞ்சின் அது. அறுவடைக் காலம் முழுக்க அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அது ஓடினால் தெருக்கோடியில் நிற்கிறவன்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். தகரம் அதிரும், தரை அதிரும், சாப்பாட்டுத் தட்டில் ரசம் அதிரும்.

அந்த எஞ்சின் நைனாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முதலில் குழந்தைகள் பேச்சு கேட்கவில்லை. பிறகு கோயில் மணி. பிறகு எல்லாம்.

ஆனால் ஊருக்கு இது ரொம்ப நாள் தெரியாது. காரணம் எங்கள் வியாபாரம் நடக்கிற முறை. மண்டியில் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவனும் வாங்குகிறவனும் கை கோர்ப்பார்கள். மேலே ஒரு துண்டு விழும். உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். முழு விரலுக்கு ஒரு கணக்கு, பாதி விரலுக்கு ஒரு கணக்கு, வேண்டாம் என்றால் ஒரு தட்டு. சுற்றிலும் நிற்கிறவர்களுக்கு இரண்டு முகங்கள் மட்டும்தான் தெரியும். பேரம் படிந்தால் ஐந்து விரலையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்து அழுத்துவார்கள். அதோடு முடிந்தது. அப்புறம் மாற்றிப் பேசினால் அவன் மனுஷனே இல்லை.

இதில் காதுக்கு என்ன வேலை? நைனாவின் கை எல்லாவற்றையும் கேட்டது. சுற்றுவட்டாரத்தில் அவரை விரல் பேரத்தில் ஜெயித்தவர் கிடையாது.

வீட்டில் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். அதையும் அவர் பாணியில்தான் சொன்னார்: "நான் பேசறது உங்க நைனாவுக்குக் கேக்கலயேன்னு கவலப்பட்டேன். யோசிச்சுப் பாத்தா, காது நல்லா இருந்தப்ப கூட அவுரு கேட்டதில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊருக்குள் கரண்ட் வந்த பிறகு மிஷினுக்கு மோட்டார் வைத்தோம். எஞ்சின் கொட்டகை மூலைக்குப் போனது. நைனா அதை விற்கவில்லை. கிணற்றுக்கு வேண்டும் என்று கேட்டார்கள், அரவை மில்லுக்கு வேண்டும் என்று கேட்டார்கள், டாக்கீஸ் கொட்டாய்க்கு வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள், எல்லாருக்கும் ஒரே தலையாட்டல்தான். வாரம் ஒரு தடவை எண்ணெய் போட்டு, ஓட்டிப் பார்த்து, சாக்குப் போட்டு மூடி வைப்பார். பெற்ற பிள்ளையான எனக்குக்கூட அந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை.

பஸ் மேலே வந்த பெட்டி

பெட்டி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் பாண்டிச்சேரியில் காலேஜ் படித்தபோது ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கப்பல் ஏறியது. கட்டில், நாற்காலி, கோழிக்கூண்டு என்று வாசலில் போட்டு விற்றார்கள். அதற்கு நடுவே மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டால் தேய்த்து வாசிக்கிற ஒரு கிதார். அதோடு சேர்ந்தது இந்த ஆம்ப்ளிபயர். பழுப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி. அமெரிக்காவில் செய்தது. யுத்தத்துக்கும் முன்னால் பிறந்தது என்றார்கள், அப்படியானால் எனக்கு அண்ணன் முறை.

பெட்டியின் முதுகு திறந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் கண்ணாடி வால்வுகள் தலைகீழாகத் தொங்கும். ஸ்விட்சைப் போட்டதும் உடனே ஒன்றும் நடக்காது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் வயிற்றிலும் செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் எழும்பும். எழும்பிய பிறகு பெட்டி மெல்ல உறுமும். கம்பியைத் தொடாவிட்டாலும் அந்த உறுமல் இருந்துகொண்டே இருக்கும். எத்தனை தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட எனக்கு அது சாதாரணமாகத் தோன்றியதில்லை.

பஸ் மேலே தார்ப்பாயில் கட்டி, கத்தரிக்காய்க் கூடைகளோடு ஏற்றிக்கொண்டு வந்தேன். நாய்க்கூண்டா என்று கேட்டார் கண்டக்டர். நைனா அதைக்கூடக் கேட்கவில்லை. பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூத்துக்காரன் வேலை என்று அம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி. தை பிறந்தால் நான் மண்டியில் உட்கார்ந்தாக வேண்டும், பெட்டி வெளியே போயாக வேண்டும் என்பதுதான் தீர்ப்பு.

நைனா சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்த நாளோடு அந்தத் தீர்ப்பு பேச்சில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நைனா மேலே வருவார். துண்டை விரிப்பார். கை உள்ளே போகும். மெல்லிய கம்பிகள் அவருக்கு எட்டாது. தடித்த கம்பிகள் எட்டும். நான் வாசிப்பது நாதஸ்வரமா பம்பையா என்று சரியாகச் சொல்வார். ஒருநாள் அம்மாவின் பழைய கும்மிப் பாட்டு ஒன்றைத் தட்டினேன். நைனா வாய்க்குள் பாடினார். கீழே அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றுவிட்டார். கல்யாணமான புதிதில் பாடியதற்குப் பிறகு அவர் பாடிக் கேட்டதில்லை என்றார்.

மகாலட்சுமி ஒட்டிய கதை

இனிமேல்தான் வினை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் மண்டியில் ஆயுத பூஜை என்றால் தராசு, படிக்கல், சாக்கு ஊசி, மிஷின், மூலையில் கிடக்கும் எஞ்சின் வரைக்கும் குளிப்பாட்டிப் பொட்டு வைப்போம். அந்த வருஷம் நைனா எல்லாவற்றுக்கும் முன்னால் மாடிக்குத்தான் போனார். நான் கடைத்தெருவில் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி மாலையும் கழுத்துமாக நிற்கிறது.

பின்னால் குனிந்து பார்த்தேன். அடேயப்பா! வால்வு ஒவ்வொன்றையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, வாங்கிய நாளிலிருந்து படிந்திருந்த அழுக்குப் போக ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, எடுத்த இடத்திலேயே திருப்பி மாட்டியிருந்தார். அதில் ஒரு பிசகில்லை. உள்பக்கத்துப் பலகையில் ஏதோ இங்கிலீஷ் காகிதம் கருத்துப்போய் ஒட்டியிருந்ததே, அதைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காலண்டர் மகாலட்சுமியை ஒட்டியிருந்தார். பெட்டி அவருக்குச் சாமியாகிவிட்டது. சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்.

மறுநாள் விஜயதசமிக்குப் பெட்டி பாடியது. சந்தனம் சூடேறி அறை முழுக்க வாசனை. எங்களுக்கெல்லாம் பரம சந்தோஷம்.

மார்கழி பிறந்த சமயம், ஒரு மத்தியானம் கரண்ட் ஏறி இறங்கி விளையாடியது. பெட்டிக்குள் பளிச்சென்று ஒரு வெட்டு. அவ்வளவுதான். உறுமல் நின்றுவிட்டது. மற்ற வால்வுகள் எரிந்தன. பெரியதாக ஒன்று இருக்கும், அது மட்டும் இருட்டாகிவிட்டது.

நைனா துண்டுக்கு அடியில் கையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் சாதிக் பாய். என் வயதுதான், பள்ளிக்கூடத்து சிநேகிதம். வந்து பார்த்தார். பெரிய வால்வை வெளியே எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார். நம்பர் இல்லை. எந்த வால்விலும் நம்பர் இல்லை. கண்ணாடிமேல் அச்சடித்திருந்ததெல்லாம் ஈரத்துணியோடு போய்விட்டது. எந்த இடத்தில் எந்த வால்வு என்று எழுதி ஒரு காகிதம் உள்ளே ஒட்டியிருப்பார்களே என்று டார்ச் அடித்தார். மகாலட்சுமி காசு கொட்டிக்கொண்டிருந்தாள்.

பாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

"இது கரண்ட நேராக்கிக் குடுக்கற வால்வு," என்றார். "அது வரைக்கும் தெரியுது. ஆனா இதே மாதிரி பாக்கறதுக்கு நாலஞ்சு வகை இருக்குது. நம்பரு தெரியாம ஒண்ண மாட்டி, உள்ள டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுச்சுன்னா, அப்புறம் பெட்டிய வெந்நீர் போடத்தான் எடுத்துக்கலாம்."

என்ன நடந்தது என்று அம்மா சைகையில் நைனாவுக்குச் சொன்னார். துடைக்கிற மாதிரி ஒரு சைகை, பொட்டு வைக்கிற மாதிரி ஒரு சைகை, கையை விரித்து ஒரு சைகை. நைனாவுக்குப் புரிந்துவிட்டது. செத்துப்போன வால்வை பாய் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாளிலிருந்து மத்தியானம் மேலே வருவதில்லை. வால்வைக் கல்லாப் பெட்டிக்குள் பஞ்சு போட்டு வைத்திருந்தார். நான் அதை வாங்கிக்கொண்டு திண்டிவனம் போனேன், விழுப்புரம் போனேன், பாண்டிச்சேரி போனேன். எங்கே போனாலும் கேட்கிற முதல் கேள்வி, நம்பர் என்ன? திரும்பி வரும்போதெல்லாம் நைனா மண்டி வாசலில் நின்று என் கையைத்தான் பார்ப்பார். ஒரு மனுஷனுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சத்தம் நின்றுபோயிருந்தது. அதையும் அவரே, ஆசை ஆசையாக, சந்தனம் போட்டு நிறுத்தியிருந்தார்.

கண்ணாடியில் எழுத்து

நல்ல பனி பெய்த ஒரு காலை. கோட்டை மலை மூன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, பஜாரில் எதிர்க்கடைகூடப் புகையாகத்தான் தெரிந்தது. நைனா வழக்கம்போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாய்க்கு அருகே வைத்து "ஹா" என்று ஊதி, துண்டால் துடைத்து மாட்டினார். பிறகு கல்லாவைத் திறந்து வால்வை எடுத்தார். காலையில் அதை ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகியிருந்தது. என்ன நினைத்தாரோ, அதையும் வாய்க்கு அருகே கொண்டுபோய் "ஹா" என்று ஊதினார்.

அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் நான் எடைக்கல்லைக் காலில் போட்டுக்கொள்ள இருந்தேன்.

"டேய், இங்க வாடா! கண்ணாடிக்குள்ள யாரோ எழுதறாங்கடா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் கண்ணாடி. பாவம், மனசு கலங்கிப் போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் என் பிடரியைப் பிடித்து முகத்தை வால்வுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். மறுபடி ஊதினார்.

பனி போல மூச்சு படிந்தது. அந்தப் பனிக்கு நடுவே, பனி படியாத கோடுகளாக, தெளிவாக, அச்சுப் பிசகாமல் ஒரு எழுத்து வந்தது. 5U4G. வந்து, என் கண்ணுக்கு எதிரிலேயே வலப்பக்கத்திலிருந்து மெல்ல மறைந்தது.

மை போயிருந்தாலும் மை இருந்த இடம் கண்ணாடிக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு படும்போது அந்த இடத்தில் மட்டும் ஈரம் வேறு மாதிரி படியும் என்று பின்னால் யாரோ விளக்கினார்கள். விளக்கட்டும். அன்றைக்கு நான் பார்த்தது விளக்கம் இல்லை. நைனாவின் வாயிலிருந்து வந்த காற்றில் எழுத்து பிறந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஐந்தும் நாலும் தெரியும். "அஞ்சு... நாலு..." என்று விரலைக் காட்டிக் காட்டிச் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது.

சாதிக் பாய் வந்தார். நைனா ஊதிக் காட்டினார். எதிர்க்கடைக்காரர் வந்தார். ஊதிக் காட்டினார். வெயில் ஏறுவதற்குள் பாதி பஜார் வந்து பார்த்துவிட்டது. ஊதி ஊதி நைனாவுக்கு மூச்சு வாங்கியது. அம்மா மட்டும் ஆச்சரியப்படவில்லை. "சந்தனம் வச்சுக் கும்பிட்டது வீண் போவுமா?" என்றார். அந்தக் கும்பிடுதானே அம்மா, நம்பரை அழித்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

மெட்ராஸ் போய் வந்த வழி

நம்பர் கிடைத்ததும் மெட்ராஸ் பஸ் ஏறினேன். மூர் மார்க்கெட்டில் பழைய ரேடியோ சாமான் விற்கிற கடை கடையாக ஏறி இறங்கினேன். வெளிநாட்டுச் சரக்கு வருவது அப்போது குறைந்துபோயிருந்தது. இந்த வால்வு வந்தால் வந்த அன்றே சினிமாக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றார் ஒரு கடைக்காரர். சினிமாவுக்கு எதற்கு என்று கேட்டேன். சினிமா ஆம்ப்ளிபயரிலும் இதேதான் என்றவர், எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அங்க டூரிங் டாக்கீஸ் ஒண்ணு கூடவா இல்ல?" என்றார்.

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் திண்டிவனம் ரோட்டில் டாக்கீஸ் கொட்டாயின் கூரை தெரியும். சாயங்காலமானால் அதன் பாட்டுத்தான் ஊருக்கே கேட்கும். நைனாவைத் தவிர.

மறுநாள் காலையில் பாயும் நானும் கொட்டாய்க்குப் போனோம். ஆள் இல்லாத கொட்டாய், தரையெல்லாம் மணல், கூரை ஓட்டையிலிருந்து வெயில் கம்பி கம்பியாக இறங்கியிருந்தது. முதலாளி கோதண்டம் பீடி பிடித்தபடி வந்தார். முன்காலத்தில் மாட்டுத் தரகு பார்த்தவர், குரல் இன்னும் சந்தைக் குரல். மெஷின் ரூமில் ஆம்ப்ளிபயரைத் திறந்து காட்டினார். அச்சு அழியாமல், 5U4G, எங்கள் வால்வின் கூடப்பிறந்தது. அலமாரியில் துணி சுற்றி இன்னொன்று இருந்தது. அதைத் தரச் சொல்லிக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"படம் பாதில நின்னுச்சுன்னா ஜனங்க கொட்டாய கொளுத்திடுவாங்க தம்பி. இதோட சேத்து எனக்கு இன்னொரு ரோதனை, கரண்ட் குடுக்கற எஞ்சினே எப்ப நிக்கும்னு தெரியல. இதுல உள்ள ஒரு வால்வையும் தூக்கிக் குடுத்துட்டு நான் எங்க போவேன்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சைகையில் நைனாவிடம் சொன்னார். எஞ்சின் என்பதற்கு அம்மா வைத்திருந்த சைகை, இரண்டு காதையும் பொத்திக்கொள்வது.

நைனா சட்டையை மாட்டினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். என்னையும் பாயையும் பின்னால் வரச் சொல்லிவிட்டுக் கொட்டாய்க்கு நடந்தார்.

கோதண்டத்துக்கு எதிரில் மணலில் உட்கார்ந்து கையை நீட்டினார். "என் எஞ்சின கேட்டு ஆள் அனுப்புனியே, இப்ப பேசு," என்றார். மேலே துண்டைப் போட்டார்.

மாட்டுத் தரகருக்குச் சொல்லியா தர வேண்டும்? கை கோர்த்துவிட்டது. துண்டு மட்டும் அசைந்தது. கோதண்டம் ஒரு விரலைப் பிடித்திருக்க வேண்டும், நைனா தலையை ஆட்டினார். எஞ்சினுக்கு ஒரு வால்வா? ஒன்று பத்தாதாம், இரண்டு வேண்டுமாம். எங்களுக்கு ஒரு வால்வு கிடைத்தாலே போதும் என்று உயிர் போகிறது, இந்த மனுஷர் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்! நான் குறுக்கே விழுந்து நிறுத்தலாமா என்று பார்த்தேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோதண்டம் எதையோ யோசித்தார், சிரித்தார், பிறகு துண்டு ஒரு தடவை இறுகியது. இப்போது ஒன்று, அடுத்த சரக்கு வந்ததும் இன்னொன்று என்று கோதண்டம் எங்களுக்குச் சொன்னார். படிந்துவிட்டது.

எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றும்போது மண்டி ஆட்களெல்லாம் வாயைப் பிளந்து நின்றார்கள். யாருக்கும் கொடுக்காத எஞ்சினை ஒரு கண்ணாடிக் குப்பிக்குக் கொடுக்கிறார், பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். நைனாவுக்குக் கேட்காது என்ற தைரியம். ஆனால் முகத்தைப் படிக்க அவருக்குத் தெரியும்.

"என் காத எடுத்துக்கினு போன எஞ்சின்," என்றார். "அதுவே திருப்பிக் குடுக்கட்டும்."

வண்டி நகர்ந்தது. எஞ்சினின் சாக்கு மூடி காற்றில் விலக, நைனா கூடவே கொஞ்ச தூரம் நடந்து அதை இழுத்து மூடிவிட்டு வந்தார்.

மறுபடி மாடி

பாய் வால்வை மாட்டினார். நம்பரைத் தொடாமல், அடியைப் பிடித்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மாட்டினார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அம்மா கோபித்துக்கொண்டு மகாலட்சுமிக்கு மட்டும் ஒரு பொட்டு வைத்தார்.

ஸ்விட்சைப் போட்டேன். இருட்டு. பிறகு புது வால்வின் வயிற்றில் மெல்ல, மிக மெல்ல, அந்தச் செம்மஞ்சள் எழும்பியது. பெட்டி உறுமியது.

நைனா துண்டை விரித்தார். கை உள்ளே போனது. நான் பம்பையைத் தட்டினேன். அவர் முகத்தில் வந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் எழுதுகிறேன், இன்னும் தெரியவில்லை. சாதிக் பாய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சொன்ன சொல் தவறாமல் கோதண்டம் இரண்டாவது வால்வையும் அனுப்பினார். அதற்குள் கொட்டாய் வேறு ஊருக்குப் போயிருந்தது. பஸ் கண்டக்டர் பஞ்சு சுற்றிய பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தொடுவதற்கு அவசியமே வரவில்லை. நைனா இருந்த வரைக்கும் முதல் வால்வே எரிந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

அன்றைக்கு, வாசிப்புக்கு நடுவே, நைனா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கம்பியை விட்டேன். அவர் என் கையை இழுத்துத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். தை பிறக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. மண்டி, தராசு, பெட்டி வெளியே போக வேண்டும் என்ற பழைய தீர்ப்பு எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. எந்த விரலைப் பிடிக்கப் போகிறார், என்ன கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் எதுவும் கேட்கவில்லை. கிதார் ஓய்ந்துவிட்டது, பெட்டியின் உறுமல் மட்டும் எங்கள் இரண்டு கைக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. நைனா என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார்.